மோருக்கு வந்த ஆள்

ராமேஸ்வரம் கோயில் தெருவில் ஒரு சாப்பாட்டு ஓட்டல், மதியம் ஒன்றரை மணி. அங்கே இடம் பிடிக்க ஒரே வழி, சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பதுதான். நான் இன்னும் சாம்பாரில் இருந்ததால் என்னை யாரும் சீண்டவில்லை. பக்கத்து நாற்காலிக்குப் பின்னால், தீர்த்தமாடிய ஈரம் காயாத வேட்டியோடு ஒருவரும் அவர் மனைவியும் நின்றார்கள்.

"ஏங்க, மோருக்கு வந்த ஆளாப் பாத்து நிக்கக் கூடாதா?"

"மோருக்கு வந்துட்டாருன்னுதான்டி நின்னேன். திரும்பவும் சாம்பார் கேக்குறாரு, நான் என்ன செய்ய?"

உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்க்காமல் இன்னொரு அப்பளம் கேட்டார்.

"காலையிலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. உங்க அய்யாவுக்குக் கடக்கரையில பிண்டம் வச்சு, கும்பிட்டு நிமிர்றதுக்குள்ள காக்கா தின்னுட்டுப் போயிருச்சு."

"அதுக்கு?"

"உசுரோட இருக்கையில ஒரு பந்தியிலயும் எடம் பிடிக்கத் தெரியாத மனுசன். இன்னைக்கு அவரு சாப்பிட்டு முடிச்சிட்டாரு, நாம நிக்கிறோம்."

கணவர் கொஞ்சம் யோசித்தார்.

"இந்த ஊர்ல செத்தவுகளுக்குத்தான்டி உடனே எலை போடுறாக."

உட்கார்ந்திருந்தவர் கடிக்கப்போன அப்பளத்தை வைத்துவிட்டு, இலையை மூடினார்.