காக்கிப் பேண்ட்டின் வலது கால்

— நல்லாக் குனிஞ்சு பாரும்வே உசேன் பாய். பேண்ட் இடது பக்கம் செருப்பைத் தொடுது. வலது பக்கம் கரண்டைக்காலுக்கு மேல ஏறி நிக்கி.

— பாத்துட்டேன் சிவனாண்டி அண்ணாச்சி. மொதல்ல உக்காருங்க. இடுப்பு மூட்டு மாத்தி மூணு மாசம்தான் ஆவுது, இந்த வேகாத வெயில்ல வந்து நிக்கீய.

— உக்கார மாட்டேன். மூணு மணி வண்டிக்குத் திருநெல்வேலி போறேன். சமமா இருந்த காலை நீட்டி விட்டுட்டீரேன்னு அந்த டாக்டரைக் கேக்கணும். நீரு அளவெடுத்து, கையெழுத்துப் போட்டு, ஒரு சீட்டுல எழுதித் தாரும்.

— டாக்டருக்கு நான் சீட்டா?

— பின்ன? பதினோரு வருசமா என் யூனிபாரம் தைக்கது யாரு? ஆபரேசனுக்கு முன்னாலயே அவரு சொன்னாரு, வலது கால் முக்கால் இஞ்ச் குட்டைன்னு. நான் விடுவனா? ‘சார், என் பேண்ட்டைப் பாருங்க. ரெண்டும் ஒரே மட்டம். உசேன் பாய் தச்சது, நூல் பிசகாது’ன்னேன். அவரு சிரிச்சாரு.

— சிரிச்சாரா! அல்லாவே...

— உம்ம தையல்ல ஒரே குறை, வலது பக்கம் மடிப்பு தடிச்சுக் கரண்டையில உரசும். வேற ஒண்ணும் சொல்ல முடியாது. மூணு மாசமா பேண்ட்டே போடாம சாரம் கட்டிக் கிடந்தேன். இன்னைக்குக் காக்கியை மாட்டினா இந்தக் கோலம்.

— ஆமா, உங்களுக்கு ஆபரேசன் பண்ணின அந்த ரோபோ ஆளு மாதிரியா இருக்கும்?

— ஆளெல்லாம் இல்ல, வெறும் கை. ஸ்கேன் எடுத்து, எலும்பை எங்கன எவ்வளவு சீவணும்னு கம்ப்யூட்டர்ல கோடு போட்டிருவாவ. அந்தக் கையைப் பிடிச்சு வேலை பாக்கது டாக்டர்தான். கோட்டைத் தாண்டினா மெஷின் நின்னுருமாம்.

— சாக்பீஸ் கோட்டைத் தாண்டாத கத்திரி! எனக்கு ஒண்ணு இருந்திருந்தா எத்தனை சட்டை பிழைச்சிருக்கும்.

— சிரியும், சிரியும். திங்கக்கிழமை டூட்டி. கால் கோணல்னு தெரிஞ்சா டெப்போ மூலையில உக்கார வச்சிருவாவ. வாசுதேவநல்லூர்ல ஏறுத கூட்டத்துக்குள்ள நீந்தி டிக்கெட் போட்டாத்தாம்வே எனக்குச் சோறு இறங்கும்.

— சரி. அந்த டீக்கடை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க.

— எதுக்கு?

— போங்களேன்.

— ...ம், வந்தாச்சு. இப்ப என்ன?

— வலிச்சுதா?

— இல்ல.

— ஒரு பக்கமா சாஞ்சீயளா?

— சாயல... ஆமா, சாயலதான். ஏம்வே, உமக்கு எதுக்குக் கண்ணு கலங்குது?

— ஊசியில நூல் கோக்குத கண்ணு, அப்படித்தான் இருக்கும். செருப்பைக் கழத்திட்டு நேரா நில்லுங்க. இடது, முப்பத்தொம்பதரை. வலது... முப்பத்தொம்பதரை.

— தப்பு. திரும்ப வையும்.

— ரெண்டு தடவை வச்சிட்டேன். ஒரு நூல் வித்தியாசம் இல்ல. மாஷா அல்லா!

— கால் சமம்னா பேண்ட் ஏன் ஏறி நிக்கி?

— கோவப்பட மாட்டியளே?

— சொல்லும்.

— பதினோரு வருசம் முன்னால, ஒருத்தன் உங்களைச் ‘சாய்மான கண்டக்டர்’னு கேலி பண்ணினான்னு பனவடலிசத்திரத்துல இறக்கி விட்டீயளே, நெனவிருக்கா?

— இருக்காதா? கோமதியம்மன் ஒத்தக் கால்ல நின்னா தவசு, கண்டக்டர் நின்னா கேலியா?

— அந்தச் சூட்டோட நேரா என் கடைக்கு வந்தீய. வலது பக்கம் தரையைக் கூட்டுதுன்னு பேண்ட்டைத் தூக்கி என் மேல எறிஞ்சீய. பேண்ட் சரியா இருக்கு, கால்தான் குட்டைன்னு சொல்ல எனக்கு வாய் வரல அண்ணாச்சி.

— அதனால?

— வலது காலை முக்கால் இஞ்ச் ஏத்தித் தச்சேன். அன்னையில இருந்து எல்லா பேண்ட்டையும்.

— அடப் பாவி மனுசா! டாக்டர் சிரிச்சது இதுக்குத்தானா? அவருகிட்ட உம்ம பேரைச் சொல்லி சத்தியம்லா பண்ணினேன்! வீட்ல கிடக்க அத்தனை பேண்ட்டும் வீணா? திங்கக்கிழமை எதைப் போட்டுட்டு ஏறுவேன்? இப்படி வெட்டித் தள்ளிட்டீரே!

— யாரு வெட்டினா? அந்தத் தடிச்ச மடிப்பை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. பதினோரு வருசமா ஒரு பேண்ட்லகூட நான் கத்திரி வைக்கல அண்ணாச்சி. என்னைக்காவது ஒருநாள் இறக்குவோம்னு மிச்சத் துணியை உள்ளேயே மடிச்சு வச்சிருக்கேன்.