பாதி விலைக்கு ஒரு வண்டி

— அக்கா, போனை நீயே பிடி. என் கையெல்லாம் ஆயில். எங்கே, அந்தப் படத்தைப் பெருசாக்கு... ம்ஹும். இது பொய் விளம்பரம்.

— பாத்த உடனே சொல்லிட்டியேடா.

— இருபத்திரண்டு வருஷமா வண்டிக்கு அடியில படுத்துக் கிடக்கேன். இதுகூடத் தெரியலைன்னா ஒர்க்‌ஷாப்பை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான். முதல்ல விலையைப் பாரு. எவனாவது பாதி விலைக்கு விப்பானா? அவனுக்கென்ன கிறுக்கா?

— அவசரமா வெளிநாட்டுக்கு மாத்தல் வந்திருக்காம். அதான் குறைச்சுத் தர்றாங்களாம்.

— எல்லாருக்கும் மாத்தல்தான். ஒருத்தனும் வீட்டுல உக்காந்து நிதானமா வித்ததா நான் கேட்டதில்ல. வண்டி எங்க நிக்குதாம்?

— ஏதோ குடோன்ல. முன்பணம் போட்டா வாசல்லயே கொண்டு வந்து விடுவாங்களாம்.

— நேர்ல வந்து பாக்கலாமான்னு கேட்டியா?

— கேட்டேன். அதுக்கு அனுமதி இல்லையாம்.

— அவ்ளோதான். போன வாரம் ஒரு நர்சம்மா இங்க வந்து அழுதுட்டுப் போச்சு. இதே மாதிரி பணத்தைப் போட்டுட்டு மூணு நாள் வாசல்லயே நின்னுச்சாம், இப்போ வந்துடும், அப்போ வந்துடும்னு. நல்லவேளை, நீ என்கிட்ட காட்டினே. இரு, இதைப் பாரு. இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்காம். பிரேக் பெடல் ரப்பர் மொட்டையா தேஞ்சு கிடக்கு! இது லட்சம் கிலோமீட்டரைத் தாண்டின வண்டி, அக்கா. அடுத்த படத்துல அதே பெடல், புத்தம் புது ரப்பர். அப்போ ரெண்டும் வேற வேற வண்டி. திருடுறதுக்கும் ஒரு நேர்த்தி வேணாமா? விக்கிறவன் எவனாவது பெடலை இவ்வளவு கிட்டப் போய் படம் பிடிச்சுப் போடுவானா? மாட்டிக்கணும்னே போட்ட மாதிரி இருக்கு.

— ஆமாண்டா.

— என்ன ஆமா?

— மாட்டிக்கணும்னேதான் போட்டிருக்கான்.

— அக்கா, மறுபடியும் ஆரம்பிக்காதே. முதல்ல உனக்கு எதுக்குக் கார்? ஓட்டத் தெரியுமா? உன் வீட்டுச் சந்துல சைக்கிளே ஒருக்களிச்சுதான் போகணும்.

— எனக்குக் கார் வேணாம்டா.

— அப்புறம்?

— நீ பொய் விளம்பரத்தைக் கண்டா ஒதுங்கிப் போவே. நாலு மாசமா நான் அதை மட்டும் தேடித் தேடிக் கூப்பிடுறேன். வெளிநாட்டுல வேலைன்னு கூட்டிட்டுப் போய், ஒரு கட்டடத்துல அடைச்சு வெச்சு, போன்ல ஆளுங்களை ஏமாத்தச் சொல்றாங்கன்னு தப்பிச்சு வந்த அந்தப் பையன் சொன்னானே. நீயும்தான் பக்கத்துல இருந்தே.

— இருந்தேன். அதுக்காக?

— இந்த விளம்பர நம்பர்ல பேசுறது என் புள்ளடா. காலையில பேசினேன், அவன் குரல்டா அது.

— ஐயோ அக்கா. போன மாசம் கூரியர்காரன் குரலை அவன் குரல்னு சொல்லி, செருப்புகூடப் போடாம தெருவுல ஓடினே. நான்தானே பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்? வெளிநாட்டு வேலைக்குன்னு போனவன், போன் நின்னு பதினாலு மாசமாச்சு. எத்தனை ஆபீஸ் படி ஏறினோம், எத்தனை மனு குடுத்தோம். எனக்கு மட்டும் வயிறு எரியாதா? என் தோள்ல தூங்கி வளர்ந்தவன்க்கா அவன்.

— உன்கிட்ட ரெண்டு வருஷம் வேலை பாத்தவன். பழைய வண்டின்னா முதல்ல பெடல் ரப்பரைத்தான் பாக்கணும்னு வீட்டுக்கு வந்து எனக்கே பாடம் எடுத்தான். அது நீ சொல்லிக் குடுத்ததுதானே?

— எந்த மெக்கானிக்கும் அதைத்தான் சொல்லுவான். அதை வெச்சு என்ன முடிவு பண்றது?

— சரி, எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னே வெச்சுக்கோ. ஒரே ஒரு தடவை நீ கேளு. என் காது மேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சுடா. அதுக்குத்தான் வந்தேன்.

— அவன் இல்லைன்னா?

— விட்டுடறேன். இனிமே யாரையும் கூப்பிடல.

— அவன்னா?

— இன்னிக்கே முன்பணம் போடுவேன். ஒரு நாளைக்கு ஒருத்தரையாவது ஏமாத்தலைன்னா சோறு கிடையாதாம். அடிப்பாங்களாம்.

— கையைக் காட்டு. வளையல் எங்கே?

— காலையில வித்துட்டேன்.

— கடவுளே... உன்னை வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது? சரி, போடு. ஸ்பீக்கர்ல போடு. நான் பேசுறேன், நீ வாயே திறக்கக் கூடாது.

— வணக்கம், சொல்லுங்க.

— வணக்கம்ங்க. வண்டி விளம்பரம் பாத்தோம். காலையில ஒரு மேடம் பேசினாங்களே, அவங்க வீட்டு ஆள் நான்.

— சொல்லுங்க சார். வண்டி நல்ல கண்டிஷன் சார். ஒரே ஓனர். முன்பணம் போட்டீங்கன்னா மூணே நாள்ல டெலிவரி சார்.

— எங்கிருந்து பேசறீங்க?

— ஹெட் ஆபீஸ்ல இருந்து சார்.

— ஒரு நிமிஷம் இருங்க... மியூட்ல போட்டிருக்கேன்க்கா. கேட்டியா? மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறான். கரகரன்னு எவனோ நாப்பது வயசு ஆள். நம்ம பையன் குரலா இது?

— பதினாலு மாசம் அழுதா அப்படித்தான்டா ஆகும்.

— இல்லக்கா. நான் கேட்டுட்டேன். சத்தியமா அவன் இல்ல. போதும், விட்டுடு.

— சார்? லைன்ல இருக்கீங்களா சார்?

— போனைக் குடுடா, மியூட்டை நான் எடுக்கறேன். ஹலோ... சாப்பிட்டியாப்பா?

— ...மேடம், வண்டி நல்ல கண்டிஷன் மேடம். ஒரே ஓனர்.

— ஒரு வாயாவது சாப்பிட்டியா?

— அக்கா, இப்படிக் குடு! மன்னிச்சுக்கங்க. அவங்களுக்கு மனசு சரியில்ல. வளையலை வித்து, பணத்தைப் பையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், வேற யாரையாவது பாத்துக்கங்க.

— அந்த வண்டி வித்துப்போச்சு சார்.

— என்னது? இப்பத்தானே மூணே நாள்ல டெலிவரின்னீங்க?

— வித்துப்போச்சு. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிட வேணாம். அவங்களைப் பணம் போட விட்டுடாதீங்க, மாமா.