பாஸ்வேர்ட் கேட்காத பெயர்

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் கிளாஸோடு நின்றவன் நான்.

தல்லாகுளத்தில் ஏறிய சமயநல்லூர் பஸ்ஸில், முன் சீட்டில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும், அந்த லேபுக்குக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தவரும் இருந்தார்கள். அவள் கையில், யாருடைய ரிப்போர்ட்டையோ அவள் பெயரில் மாற்றியிருப்பதாக லேபில் கொடுத்த மெமோ.

"பிரசவ வார்டுல கிடந்தவ எப்படிண்ணே ரிப்போர்ட்டை மாத்துவேன்? பாஸ்வேர்டை யாருக்கோ குடுத்துட்டேனாம். வேலையை விட்டு நிறுத்தப் போறாங்களாம்!"

"ரிப்போர்ட்டெல்லாம் இருக்கிற டேட்டாபேஸ்ல உன் பேருக்குப் பாஸ்வேர்டே இல்லம்மா."

"அப்ப காலையில நான் அடிக்கிறது?"

"அது உன் கம்ப்யூட்டரைத் திறக்க. கம்ப்யூட்டர் சொல்ற பேரை டேட்டாபேஸ் அப்படியே நம்பிரும். எவனாச்சும் தன் கம்ப்யூட்டர்ல உன் பேரை வச்சாலும் நம்பிரும்."

"இப்படி வச்ச புண்ணியவான் யாரு?"

"நான்தான். ரெண்டு தடவை பாஸ்வேர்ட் அடிக்க முடியாதுன்னு மேனேஜர் கத்துனாரு. எல்லாருக்கும் அப்படியே வச்சுட்டேன்."

"அவருக்குக் கை வலிக்குதுன்னு எம்பொழப்பு போகணுமாக்கும்! இதை மெமோ பின்னாடி எழுதிக் குடுங்க."

"எழுதுனா என்னைய அந்த லேப் பக்கமே விடமாட்டாங்க."

"உங்களுக்கு ஊரு பூரா ஆபீஸ் இருக்கு. எனக்கு எங்க இருக்கு? எழுதுங்க!"

அவரிடம் பேனா இல்லை. என் சட்டைப் பையில் இருந்தது; நீட்டக் கூச்சம். அவள் கண்டக்டரிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தாள். விளாங்குடி தாண்டும்வரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் வாசித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"தேதி போடுங்கண்ணே. இல்லாட்டா இதையும் நானே எழுதுனேன்னு சொல்லுவாங்க."

மூன்று வாரம் கழித்து எழுதும் நானும் போடுகிறேன்.

9-8-2003