ஒட்டாத நாற்பத்தொரு படங்கள்

மணி மதியம் இரண்டேகால். ஞாயிற்றுக்கிழமை. துறைமுகத்துக்குப் போகும் நீளச் சாலையில் ஈ காக்கை இல்லை... பேய்க்கு இருட்டுத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? கரண்ட் போய்விட்டதென்று ஒருவரோடொருவர் இப்படி ஒட்டி உட்கார்ந்திருக்கிறீர்களே, இது பட்டப்பகலில் நடந்தது. என் நண்பனின் மச்சானுக்கு.

அந்தச் சாலையில் தனியாக நடந்து, பழைய ஐஸ் கிடங்கின் மூன்றாம் மாடிக்கு ஏறினார் மச்சான். அங்கேதான் அவர் வேலை பார்க்கும் அறை. ஒரு கணினி, ஒரு நாற்காலி, ஒரு மரக்கதவு. எப்போதோ பூட்டைக் கழற்றிய இடத்தில் கதவில் ஐந்து ஓட்டைகள். மேலே இடப்பக்கம் இருந்த ஒன்றை மட்டும் காகிதம் சுருட்டி அடைத்திருந்தார், வராந்தா வெயில் நேரே கண்ணில் அடிக்கிறதென்று. மனைவி தவறிய பிறகு அவருக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான்.

முக்குளிப்பவர் கடலடியில் எடுத்துவரும் நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றோடொன்று பொருத்தி, அங்கே கிடப்பதன் முழு உருவத்தைக் கணினியில் கட்டுவது அவர் வேலை. ஒரே புள்ளி பல படங்களில் தெரிந்தால் கணினி அவற்றை இணைத்துவிடும். ஒவ்வொரு படமும் எங்கே நின்று எடுத்தது என்பதையும் சின்ன நீலச் சதுரமாகக் காட்டிவிடும். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் தையல்காரர்.

அந்த மாதம் தைத்தது, புயலில் மூழ்கிய ஓர் இரும்புப் படகை. ஏழு பேரில் ஆறு பேர் கரை சேர்ந்தார்கள். எஞ்சின்காரர் மட்டும் இல்லை. அலை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். திங்கள் காலை உருவத்தை ஒப்படைத்துவிட்டால், தேடல் அதோடு சரி.

எஞ்சின்காரரின் அக்கா தினமும் அலுவலகத்துக்கு போன் செய்வார். மற்றவர்கள் எடுக்க மாட்டார்கள். மச்சான் எடுப்பார்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா தம்பி?"

"இன்னும் இல்லக்கா."

"சரி... நீங்க சாப்டீங்களா?"

நாள் முழுக்க அவரிடம் வேறு யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் கடவுள் இந்தக் கதைக்குள் வந்தார் என்பது என் நம்பிக்கை.

எண்ணூறு படங்கள் ஒழுங்காகச் சேர்ந்தன. நாற்பத்தொன்று மட்டும் எதிலும் ஒட்டவில்லை. எல்லாவற்றிலும் கலங்கல் தண்ணீர், துருப்பிடித்த தகடு.

"கை தவறி கேமரா பட்டன் அமுங்கியிருக்கும்," என்றார் முக்குளிப்பவர் போனில். "தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போய்ப் படுங்க தையல்காரரே. நாலு தையல் விட்டா சட்டை கிழிஞ்சா போயிடும்?"

ஒட்டாத படத்தைத் தூக்கிப் போடுவதுதான் வழக்கம். ஆனால் அந்த அக்கா நாளைக்கும் கூப்பிடுவார். எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டேன் என்று அவரிடம் பொய்யில்லாமல் சொல்ல வேண்டும்... மச்சான் நினைத்தது அவ்வளவுதான். சாமியைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

குறுக்கே போன மீன்களை மறைத்துப் பார்த்தார். மிதந்த மண் துகள்களை மறைத்துப் பார்த்தார். நிறத்தைத் திருத்திப் பார்த்தார். ம்ஹூம். அந்தத் தகட்டில் ஒட்டுப் போட்ட இடம் ஒன்று இருந்தது. சுற்றிலும் ஏழு போல்ட். எட்டாவது விழுந்து, அந்த இடத்தில் வெறும் ஓட்டை. படகின் வெளிச்சுவரிலும் அப்படியே ஓர் ஒட்டு உண்டு. ஆனால் அங்கே ஓட்டை இடப்பக்கம். இந்தப் படங்களில் வலப்பக்கம்.

வெறுத்துப்போய் ஒரு படத்தை அச்செடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். காகிதம் திரும்பியிருந்தது. பின்னாலிருந்து பார்த்தால்... ஓட்டை இடப்பக்கம். அச்சு அசல்.

அதே தகடுதான். மறுபக்கத்திலிருந்து.

ஒவ்வொரு போல்ட்டையும் கையால் குறித்துக் கொடுத்தார். கணினி கிர்ர்ர் என்று இரைந்தது. படங்கள் ஒட்டிக்கொண்டன. எண்ணூறு நீலச் சதுரங்கள் படகுக்கு வெளியே. நாற்பத்தொன்று உள்ளே, எஞ்சின் அறையில்... ஓர் ஆள் நிற்கும் உயரத்தில், சுவரைப் பார்த்தபடி. அந்த அறையின் கதவு நசுங்கிக் கிடந்தது. முக்குளிப்பவர் அதற்குள் போகவே இல்லை. போகவும் முடியாது.

மூன்றாம் மாடியில் டீசல் வாடை அடித்ததாம்.

"அப்ப அந்தப் படத்த எடுத்தது யாருங்க?"

எனக்கும் தெரியாதப்பா. முதலில் என் கையை விடு, வலிக்கிறது.

திங்களன்று, நம்பாமலேதான் தகட்டை அறுத்தார் முக்குளிப்பவர். எஞ்சின்காரர் அங்கே இருந்தார்.

அதற்கப்புறம் அக்கா ஒரே ஒரு முறை கூப்பிட்டார். "என் தம்பிய நல்லபடியா வழியனுப்பிட்டேன். நீங்க நல்லா இருக்கணும் தம்பி." அதோடு சரி. பிறகு அந்த போன் அடிக்கவில்லை. மச்சான் அதைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

அடுத்த ஞாயிறு, அந்த வேலையை மூடிவைக்கலாம் என்று கணினியைத் திறந்தார். ஒட்டாதவை என்று முன்பு ஒதுக்கிவைத்த இடத்தில் இப்போது நாற்பத்திரண்டு படங்கள். புதியது எதிலும் ஒட்டவில்லை. கலங்கல். நடுவில் ஐந்து ஓட்டைகள்... மேலே வலப்பக்கம் ஒன்று அடைபட்டிருந்தது.

மச்சான் மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் அறைக் கதவைப் பார்த்தார். ஐந்து ஓட்டைகள். அடைத்தது இடப்பக்கம்.

படம், கதவின் மறுபக்கத்திலிருந்து.

நீங்களும் நானும் என்றால் ஜன்னல் வழியாகக் குதித்திருப்போம். அவருக்குத் தோன்றியது வேறாம். இத்தனை நாள் இருட்டில் தன்னந்தனியாக நின்ற மனுஷன்... வாசலிலும் நிற்கவைப்பதா?

எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். நீள வராந்தா. வெயில். யாரும் இல்லை.

"வாங்கண்ணே... உள்ள வந்து உக்காருங்க."

பக்கத்து அறையிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து போட்டார். கதவைச் சாத்திவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

அதற்கடுத்த ஞாயிறும் போனார். நாற்பத்து மூன்று படங்கள் இருந்தன. புதியதில் அதே கதவு, அதே ஐந்து ஓட்டைகள்.

இந்த முறை அடைபட்டிருந்தது... இடப்பக்கம்.