நாச்சம்மா நசுக்கின எலுமிச்சம்பழம்

பெரியவங்களைக் கௌரவிக்கிற விழான்னு கூப்பிட்டீங்க. இந்த மே மாசத்து வெயில்ல, ஃபேனும் சரியா ஓடாத மண்டபத்துல, ஆளுக்கு ரெண்டு பொன்னாடை போர்த்தி உட்கார வெச்சிருக்கீங்க. முன் வரிசை ஐயாவைப் பாருங்க... வேர்த்து ஊத்துது. கழட்டினா மரியாதை இல்லையேன்னு பொறுத்துட்டு இருக்கார். ஐயா, கழட்டிடுங்க. காத்து வாங்கிட்டே கேளுங்க, உங்களுக்காகவே ஒரு பொடிக்கதை கொண்டு வந்திருக்கேன்.

நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் நாச்சம்மான்னு ஒரு அம்மா. எழுபத்தாறு வயசு. முட்டி ரெண்டும் போச்சு. ஆனா வாய்... அது முப்பது வயசுலயே நிக்குது.

அவங்க மகன் சென்னியப்பன். நல்ல பையன். அம்பது வயசு ஆகியும் நல்ல பையன். அம்மாவுக்கு உட்கார்ந்து ஓட்டற பேட்டரி வண்டி ஒண்ணு வாங்கினார். நாலு சக்கரம், முன்னால ஒரு கூடை. புது வண்டி வந்தா நாம என்ன பண்ணுவோம்? பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டு போவோம். மாலை போட்டாச்சு. சந்தனம் வெச்சாச்சு. சக்கரத்துக்கு ஒண்ணா எலுமிச்சம்பழமும் வெச்சாச்சு. பூசாரி சொன்னார், "ஓட்டறவங்க உட்கார்ந்து பழத்து மேல ஏத்துங்க."

யார் உட்கார்ந்தது?

சென்னியப்பன்!

முட்டி போனது யாருக்கு? அம்மாவுக்கு. வண்டி யாருக்கு? அம்மாவுக்கு. பழத்தை நசுக்கினது? மகன்! நாச்சம்மா தூணைப் பிடிச்சுட்டு நின்னு பார்த்தாங்க. "ஏங்கண்ணு, உனக்கும் முட்டி போயிருச்சா?"

"இல்லீங்கம்மா, நீங்க பயந்துக்குவீங்க."

அன்னியில இருந்து அதே கதைதான். அம்மா உட்காருவாங்க. மகன் பக்கத்துலயே நடந்துட்டு, கையை நீட்டி விசையை அமுக்குவார். அந்த வண்டியில வேகம் வெக்கிற திருகு ஒண்ணு உண்டு. ஒரு பக்கம் ஆமைப் படம், இன்னொரு பக்கம் முயல் படம். சென்னியப்பன் எப்பவும் ஆமைதான். நாச்சம்மா ஒருநாள் கேட்டாங்க, "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. நீ வண்டிக்குள்ளயே புகுத்திட்டியே சாமி!"

அப்புறம்... கப்பல். மானம் கப்பலேறும்னு கேள்விப்பட்டிருக்கோம். இங்க அம்மாவே ஏறினாங்க. மகனோட, அந்த வண்டியோட, சென்னையில ஏறி திருகோணமலைக்கு உல்லாசப் பயணம். நாச்சம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. சிலோன் டீயை சிலோன்ல, ஒரு டீக்கடை முன்னால உட்கார்ந்து குடிக்கணும். அவ்வளவுதான்.

ஏறின அன்னிக்கே பாதுகாப்பு அதிகாரி, பாலக்காட்டு அம்மா ஒருத்தங்க, வந்து சொல்லிட்டாங்க: "கப்பல்ல இருந்து கரைக்கு இறங்கற சரிவுல இவங்களே தனியா ஓட்டணும். வேற யாரும் கை வைக்கக் கூடாது. ஓட்டத் தெரியலைன்னா ரூம்லயே இருக்கட்டும்."

சென்னியப்பன் பட்டுன்னு சொன்னார், "ரூம்லயே இருக்கட்டுமுங்க."

"அப்ப என் டீ?"

"பிளாஸ்க்ல வாங்கிட்டு வந்தர்றேனுங்கம்மா!"

பிளாஸ்க்ல! கடல் தாண்டிப் போயி... பிளாஸ்க்ல!

மத்தியானம் கப்பல் சாப்பாடு. பதினாறு வகை. சென்னியப்பன் ஒண்ணையும் விடல. அம்மாவுக்கு மட்டும் தயிர்சாதம். சாப்பிட்டு மேல்தளத்து நிழல்ல அம்மாவை வண்டியோட நிறுத்திட்டு, பக்கத்துலயே சாய்வு நாற்காலியில குறட்டை. வண்டிச் சாவி? அவர் சட்டைப் பையில.

நாச்சம்மா திரும்பிப் பார்த்தாங்க. பத்தடியில ஜூஸ் கடை. அதுல தூத்துக்குடிக்காரர் ஜெபக்குமார். கையைக் காட்டிக் கூப்பிட்டாங்க.

"என்ன ஆச்சி, லெமன் ஜூஸ் போடட்டா?"

"பழத்தைக் குடு கண்ணு. ஜூஸை நானே போட்டுக்கறேன். நாலு பழம் கொண்டாந்து இந்தச் சக்கரத்துக்கு முன்னால வெய்யி."

"ஆச்சி... நான் வேதக்காரன்லா? சர்ச்சுக்குப் போறவன்!"

"எலுமிச்சம்பழத்துக்கு என்ன மதம்? வெய்யி!"

வெச்சார். நாச்சம்மா ரெண்டு விரலை விட்டு மகன் பையில இருந்து சாவியை உருவினாங்க. திருகை முயலுக்குத் திருப்பினாங்க. அமுக்கினாங்க...

சளக்! சாறு தெறிச்சு சென்னியப்பன் மூஞ்சியில அடிச்சுது. கண்ணைத் தொடச்சுப் பார்த்தா அம்மாவைக் காணோம். அம்மா நீச்சல் குளத்தைச் சுத்திப் போயிட்டு இருக்காங்க!

"அம்மா! நில்லுங்க! விழுந்துருவீங்க!"

"நீ வழுக்கி விழுந்துராத! கீழ பழம் கெடக்குது!"

ரெண்டு சுத்து. மூணாவது சுத்துல ஒரு பூந்தொட்டி சாஞ்சுது, உண்மையைச் சொல்லணும்ல? நாலாவது சுத்துல அதே தொட்டிக்கு ஒரு முழம் தள்ளியே திருப்பிட்டாங்க. கையைக் கட்டிட்டுப் பார்த்துட்டு இருந்த பாலக்காட்டு அம்மா சொன்னாங்க, "போதும். நாளைக்கு இறங்கலாம்."

மறுநாள் காலையில திருகோணமலை. சரிவு மேல வண்டி நிக்குது. சென்னியப்பன் கை... பழக்கம் பாருங்க... தானா விசைகிட்டப் போச்சு.

"சார்," அந்தப் பாலக்காட்டு அம்மா சொன்னாங்க, "கையை எடுங்க."

எடுத்தார். நாச்சம்மா இறங்கினாங்க. சரிவுல மட்டும் ஆமை வேகம், அவங்களே திருப்பிக்கிட்டது. துறைமுகத்துக்கு வெளியில ஒரு டீக்கடை. ஒரு மடக்கு குடிச்சாங்க. சென்னியப்பன் ஆசையா கேட்டார், "எப்படி இருக்குதுங்கம்மா?"

"கழனித்தண்ணி," அப்படின்னாங்க நாச்சம்மா. "இன்னொரு கிளாஸ் சொல்லு."

சிரிக்கறீங்க. சிரிங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க... சென்னியப்பன் கெட்டவரா? இல்லையே! பாசந்தான். பாசத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டும், பிடிச்ச கையை எடுக்கத் தெரியாது. அம்மாவுக்கு என்ன சேலை, அப்பாவுக்கு எத்தனை இட்லி, எந்தக் கல்யாணத்துக்குப் போகலாம், எதுக்குப் போகக் கூடாது... எல்லாத்தையும் நாமே முடிவு பண்ணிட்டு, வருசத்துக்கு ஒருநாள் மண்டபம் பிடிச்சு பொன்னாடை போர்த்தறோம். அவங்க கேட்டது பொன்னாடையா? சாவி!

பழமும் அவங்களுது, வண்டியும் அவங்களுது. அது மேல ஏறி உட்கார்ந்திருக்கற மகன்மாரே, மகள்மாரே... எந்திரிங்க.

கைதட்டறதுக்கு இல்ல. இடத்தைக் காலி பண்றதுக்கு!