அரைக் கிண்ணம்

எங்கள் கஜாக் வீடுகளில் விருந்தாளியின் தேநீர்க் கிண்ணத்தை நிரப்ப மாட்டோம். நிரப்பினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அரைக் கிண்ணம் ஊற்றுவதுதான் மரியாதை. ஜாண்டோஸுக்கு நான் அரைக் கிண்ணம்தான் ஊற்றினேன். விசாரணை அதிகாரி அவர்களே, முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அந்தச் சிறையின் துணைத் தலைவன். கைதிகள் என்னை அண்ணன் முறையில் அகா என்று கூப்பிடுவார்கள். நான் யாரையும் அடித்ததில்லை. அடித்தால் காயம் தெரியும், மருத்துவர் கேள்வி கேட்பார்.

குளிர்காலத்தில் தலைநகரிலிருந்து பார்வையாளர்கள் வந்தார்கள். குறை உண்டா என்று கேட்பது அவர்கள் வேலை. இல்லை என்பது கைதிகள் வேலை. சிறைக்கு வருமுன் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஜாண்டோஸ் மட்டும் வரிசையை விட்டு முன்னே வந்தான். தண்டனை அறையின் தரையில் தண்ணீரைக் கொட்டி, அது உறைந்த பிறகு அதன்மேல் நிற்க வைக்கிறார்கள் என்றான். பூட்ஸைக் கழற்றிக் கறுத்த விரல்களைக் காட்டினான். அவன் சொன்னது பொய் இல்லை. ஆனால் வீட்டு விஷயத்தை வெளியாரிடம் சொல்லலாமா?

கைதிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அதை நாங்கள் ஏற்படுத்தவில்லை. கழிப்பறை கழுவும் சிலரை அவர்கள் ஒதுக்கி வைத்திருப்பார்கள். மற்றவற்றோடு கலந்துவிடாதபடி, அந்த ஆட்களின் கிண்ணங்களில் விளிம்புக்குக் கீழே ஓட்டை போட்டிருக்கும். அதில் குடித்தவனும் அவர்களில் ஒருவன்தான், கடைசிவரை. தெரியாமல் குடித்திருந்தால் மட்டும் மன்னிப்பு உண்டு.

பார்வையாளர்கள் போனபின் ஜாண்டோஸை என் அறைக்கு அழைத்தேன். அடுப்பருகே உட்காரவைத்துப் பால் கலந்த தேநீர் கொடுத்தேன்.

"கோபமா இருப்பீங்கன்னு நெனச்சேன், அகா."

"குடி, ஆறிடும்."

அவன் குடித்து முடிக்கும் நேரத்துக்கு, கைதிகளின் தலைவன் சபாரை வரச் சொல்லியிருந்தேன். அவன் உள்ளே வந்ததும் கிண்ணத்தைத்தான் பார்த்தான்.

"அந்தப் பக்கம் திருப்புடா."

ஜாண்டோஸ் திருப்பினான். ஓட்டையைப் பார்த்த பிறகும் கிண்ணத்தைக் கீழே வைக்க அவனுக்குத் தோன்றவில்லை.

"அகா, எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

சபாரும் என்னைப் பார்த்தான். "நீங்க சொன்னா ஏத்துக்கறோம், அகா."

"அவனுக்குத் தெரியும்," என்றேன். "குளிருக்கு எந்தக் கிண்ணமா இருந்தா என்னன்னு கேட்டு வாங்கிக் குடிச்சான்."

சபார் சிரித்தான். "ராசா, இனி உனக்குக் கழிப்பறைப் பக்கம் படுக்கை. நல்லாக் காத்து வரும்."

அதன்பின் அவனோடு யாரும் உட்காரவில்லை, அவன் கையிலிருந்து ஒரு தீக்குச்சிகூட வாங்கவில்லை. மறுமுறை பார்வையாளர்கள் வந்தபோது ஒரு குறையும் இல்லை என்றான். பிறகு என்னிடம் வந்து, சபாரிடம் உண்மையைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினான். கைதிகளின் வழக்கத்தில் தலையிட எனக்கு அதிகாரம் இல்லை என்பதைப் பொறுமையாக விளக்கினேன்.

பனி உருகத் தொடங்கியபோது, கழிப்பறைக் குழாயில் தொங்கினான். அவனைத் தொட்டு இறக்க ஒரு கைதியும் முன்வரவில்லை. காவலர்கள் வரும்வரை அப்படியே இருந்தான்.

கிண்ணம் எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். கழிப்பறை மூலையிலிருந்து நானே எடுத்து வந்தேன். நானே கழுவினேன். ஓட்டை என் பக்கம் இருக்கும்படி நீட்டினேன். அரைக்கு மேல் ஊற்றியிருந்தால் ஒழுகிக் காட்டிக்கொடுத்திருக்கும்.

உடலை வாங்க அவனுடைய தாய் வந்தாள். அவனுக்கென்று முன்பே பொரித்து வைத்திருந்த மாவுருண்டைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தாள்.

"என் புள்ளைய யாராவது அடிச்சாங்களா, தம்பி?"

"இல்லம்மா. ஒரு விரல்கூடப் படல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ நல்லா இருக்கணும் என்றாள். அவளுக்கும் அரைக் கிண்ணம் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். ஓட்டை இல்லாத கிண்ணம்தான். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.