எண்ணெய்க் கை

நெய்வேலியில் ஒரு காலை, கட்டு மாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். இடது கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்த பெரியவர் ஒருவர், பக்கத்தில் இருந்த ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

“மைன்ஸ்ல முப்பது வருஷம் ஒரு கீறல் பட்டதில்லீங்க. இப்ப பலாப்பழம் வெட்டிடுச்சு.”

“பழம் எப்படிங்க வெட்டும்?”

“கத்திதாங்க. முழங்கை நீளம் இருக்கும். முத்தாண்டிக்குப்பத்துல இருந்து மச்சான் முழுப் பழமா குடுத்து வுட்டாரு.”

“பழத்த யாரு புடிச்சுக்கினது?”

“நானேதான், எடது கையால. வலது கையில எண்ணெ தடவிக்கினு கத்தியப் புடிச்சேன். வழுக்கிடுச்சு.”

அந்த அம்மாவால் நம்ப முடியவில்லை.

“வெட்டி முடிச்சு, சொள எடுக்கறப்பத்தான எண்ணெ தடவுவாங்க?”

“எங்க வூட்ல வெட்டறது மட்டுந்தான் என் வேல. பழத்தப் புடிச்சுக்கறது, எண்ணெ தடவிக்கினு சொள எடுக்கறது எல்லாம் என் சம்சாரம் வேல. அவ செத்து ஒரு வருஷம் ஆவுதுங்க. ரெண்டு பேரு வேலயும் ஒருத்தனே பாத்தேனா, எது முன்ன எது பின்னன்னு தெரியாமப் போச்சு.”

பெரியவரை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்ததால் நர்ஸ் சொன்னது எனக்கும் கேட்டது.

“நரம்பு வெட்டுப்பட்டிருக்கு. ரெண்டு வெரல் மடங்க நாளாகும். இந்தக் கையில எந்த வேலையும் செய்யாதீங்க. வீட்ல இருக்கறவங்களப் பாத்துக்கச் சொல்லுங்க.”

“சொல்றேம்மா” என்றார்.